திரும்புவதில் எது கெட்டி, சுடுவதில் எது கெட்டி? விண்வெளிச் சண்டை ஆட்டங்களின் ஃபைட்டர்கள்

துருவன்:
வணக்கம் மக்களே. 2020-இல் ஸ்டார் வார்ஸ் ஸ்குவாட்ரன்ஸ் வந்ததிலிருந்து அது ஒன்றைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன். அதில் ஏ-விங், டை இன்டர்செப்டர் என்ற கப்பல்கள் கைக்குப் படிந்துவிட்டன. ஒய்-விங்கில் ஏறினால் மட்டும் மணல் லாரி ஓட்டுகிற மாதிரி இருக்கிறது.

இப்போது மற்ற ஆட்டங்கள் பக்கமும் போகலாமென்று ஆசை. டை ஃபைட்டர், ஃப்ரீஸ்பேஸ் 2, எலைட் டேஞ்சரஸ் மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. கேள்வி இதுதான்: இவற்றில் ஒரு ஃபைட்டருக்கும் (சின்னச் சண்டைக் கப்பல்) இன்னொன்றுக்கும் ஓட்டும் விதமே மாறுகிறதா, இல்லை வேகம் கொஞ்சம் கூட, டாமேஜ் கொஞ்சம் குறைச்சல் என்கிற கணக்கு மட்டும்தானா? எல்லா ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் எது நன்றாகத் திரும்பும், எதன் துப்பாக்கி நல்லது என்று சொல்ல முடியுமா?

என்னிடம் இருப்பது சாதாரண ஜாய்ஸ்டிக். தனி த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கிடையாது.

அரைத்தூக்கம்:
டை டிஃபெண்டர். இழையைப் பூட்டிவிடலாம்.

கேப்டன்கொக்கு:
டிஃபெண்டரை இழுத்து வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நான்கு லேசர், இரண்டு அயான் பீரங்கி, ஷீல்டு, ஹைப்பர்டிரைவ், அதற்கு மேல் அசுர வேகம். டை ஃபைட்டர் ஆட்டத்தில் வெறுங்கூடு மாதிரி ஒரு கப்பலில் ஆரம்பித்துக் கஷ்டப்பட்டவனுக்குக் கடைசியில் கிடைக்கிற பரிசு அது. அதில் ஏறி ஜெயிப்பதற்கு ஓட்டவே தெரிய வேண்டியதில்லை. தள்ளி வைப்போம்.

துருவன், 1993-இல் வந்த எக்ஸ்-விங், அடுத்த வருடம் வந்த டை ஃபைட்டர் இரண்டும் லாரன்ஸ் ஹாலண்டின் குழு செய்தவை. அதற்கு முன்னால் அவர்கள் இரண்டாம் உலகப் போர் விமான ஆட்டங்கள் செய்தவர்கள். அந்த வாசனை இதிலும் அப்படியே இருக்கிறது. முழு வேகத்தில் போனால் மூக்கு மெதுவாகத்தான் திரும்பும். த்ராட்டிலை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கினால் சட்டென்று திரும்பும். எதிரி நம்மைச் சுற்றிக்கொண்டு போகும்போது பதற்றத்தில் எல்லோரும் வேகத்தைக் கூட்டுவார்கள், அங்கேதான் கோட்டை விடுவது. வேகத்தைக் குறை, மூக்கை உள்ளே வெட்டு, நேராக வந்ததும் மறுபடி முழு வேகம். இந்தத் தாளம் பிடிபட்டால் பாதி ஆட்டம் வந்துவிட்டது.

அடுத்தது சக்திப் பங்கீடு. லேசரையும் ஷீல்டையும் சீக்கிரம் நிரப்பச் சொன்னால் அந்தச் சக்தி எஞ்சினிலிருந்துதான் போகும். அந்த ஆட்டத்தின் அளவுப்படி எக்ஸ்-விங்கின் வேகம் 100, ஒய்-விங் 80, ஏ-விங் 120. லேசர், ஷீல்டு இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றிப் பாருங்கள், ஏ-விங்கின் அந்த 120 காணாமல் போய்விடும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்து இங்கே எதையும் தீர்மானிக்க முடியாது. டை ஃபைட்டர் என்ற கப்பலுக்கு ஷீல்டே இல்லை, அதற்கென்று சக்தி ஒதுக்கும் வேலையும் இல்லை. நான்கைந்து அடி சரியாக வாங்கினால் கதை முடிந்தது. எனவே அதில் நேருக்கு நேர் மோதுவது தற்கொலை. எக்ஸ்-விங்கில் அதே மோதல் சாதாரண விஷயம், முன்பக்க ஷீல்டை இரட்டிப்பாக்கிக்கொண்டு நேராகப் போய்ச் சுடலாம்.

ஆயுதத்தில் ஏ-விங்குக்கு இரண்டு லேசர், 12 கன்கஷன் மிசைல். எக்ஸ்-விங்குக்கு நான்கு லேசர், 6 புரோட்டான் டார்பிடோ. ஒய்-விங்குக்கு இரண்டு லேசர், இரண்டு அயான், 8 டார்பிடோ. கன்கஷன் மிசைல் வேகமானது, சின்னக் கப்பலைத் துரத்திப் பிடிக்கும். டார்பிடோ மெதுவாகப் போய்ப் பலமாக அடிக்கும், பெரிய கப்பலுக்கு அதுதான். மணல் லாரி என்றீர்களே, அந்த லாரியின் அயான் பீரங்கி இல்லாமல் ஒரு கப்பலை உடைக்காமல் முடக்கிப் பிடிக்கச் சொல்லும் மிஷனை முடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

துருவன்:
ஸ்குவாட்ரன்ஸிலும் பாதி த்ராட்டிலில்தான் நன்றாகத் திரும்பும். ஆக அந்தச் சரக்கு அங்கிருந்து வந்ததுதான் போல. ஆனால் இங்கே பூஸ்ட் போட்டுவிட்டுத் திருப்பத்தில் விட்டால் கப்பல் பழைய திசையிலேயே வழுக்கும், மூக்கு மட்டும் திரும்பும். அது பழைய ஆட்டங்களில் உண்டா?

கேப்டன்கொக்கு:
கிடையாது. அந்த வழுக்கலையே தொடர்ந்து போட்டுப் பந்து மாதிரி துள்ளுகிற ஆட்களால்தான் ஸ்குவாட்ரன்ஸ் ஆன்லைன் கெட்டது என்பது என் கருத்து. யாரும் யாரையும் சுட முடியாத சண்டை என்ன சண்டை?

துருவன்:
அதைக் கற்றுக்கொள்ளவும் உழைப்பு வேண்டும் அண்ணா. செய்ய வராதவர்கள்தான் அதை ஏமாற்று என்பார்கள்.

அரைத்தூக்கம்:
ஆரம்பிச்சாச்சு.

நிழல்கோள்:
சண்டையை விட்டு ஃப்ரீஸ்பேஸ் 2 பக்கம் வாருங்கள். 1999-இல் வொலிஷன் செய்தது. கொக்கு சொன்ன மூன்றில் ஒரு பங்கு வித்தை இங்கே செல்லாது. எந்த வேகத்தில் போனாலும் மூக்கு திரும்பும் வேகம் ஒன்றுதான். த்ராட்டிலைக் குறைத்தால் போடுகிற வட்டம் சிறிதாகும், அவ்வளவே. அதனால் இங்கே த்ராட்டிலோடு மல்லுக்கட்டுவதைவிட ஆஃப்டர்பர்னரை (கொஞ்ச நேரத்துக்குக் கூடுதல் வேகம் தருவது) எப்போது தட்டுவது, எப்போது விடுவது என்பதுதான் ஓட்டும் திறமை. எரிபொருள் தானாக நிரம்பிக்கொள்ளும், கஞ்சத்தனம் வேண்டாம்.

துருவன் கேட்ட "வெறும் எண் வித்தியாசமா" என்பதற்கு இந்த ஆட்டம் நல்ல பதில் சொல்லும், ஏனென்றால் பல மிஷன்களில் கப்பலையும் துப்பாக்கியையும் நாமே சேர்க்கலாம். பெர்சியஸ் என்ற கப்பல் லேசானது, வேகமானது, சொன்னபடி கேட்கும். ஹெர்குலிஸ் மார்க் 2 தடித்த தோல், நிறைய துப்பாக்கி, ஆனால் திரும்பச் சொன்னால் யோசித்துவிட்டுத் திரும்பும். மிர்மிடான் நடுவாந்தரம்.

இப்போது மேக்ஸிம் என்ற துப்பாக்கியைப் பாருங்கள். வெகு தூரம் போகும், கப்பலின் உடலைக் கிழிக்கும், ஷீல்டு மேல் பட்டால் ஒன்றும் ஆகாது. இதைப் பெர்சியஸில் மாட்டி ஷீல்டு உள்ள ஃபைட்டரைத் துரத்தினால் விடிய விடியச் சுட வேண்டியதுதான். அதே மேக்ஸிமை ஹெர்குலிஸில் மாட்டிப் பெரிய கப்பலுக்குத் தள்ளி நின்றால், அதன் டரட்டுகளை (கப்பல் மேல் சுழலும் துப்பாக்கிகள்) ஒவ்வொன்றாகப் பறிக்கலாம். அந்த வேலைக்குத் திரும்பவே வேண்டாம். மெதுவாகத் திரும்பும் கப்பல் என்ற குறை அங்கே குறையே கிடையாது.

இன்னொரு பக்கம் எரினீஸ் என்ற கப்பல். எட்டுத் துப்பாக்கி, திருப்பமும் அருமை. அத்தனையிலும் கைஸர் என்ற ரகத்தை மாட்டினால் எதிரில் வந்தது தூள். ஆனால் கைஸர் சக்தியைக் குடிக்கிற வேகத்துக்கு எட்டும் சேர்ந்து சுட்டால் சீக்கிரமே சக்தி வற்றிவிடும். சிறு சிறு வெடிப்பாகச் சுடத் தெரிந்தவனுக்கு மட்டும் அந்தக் கூட்டணி. விரலைப் பட்டனில் வைத்தே அழுத்துகிறவர்கள் புரோமீதியஸ் துப்பாக்கியோடு நிம்மதியாக இருக்கலாம்.

வால்மீன்:
நிழல்கோள் சொன்ன மேக்ஸிம் கதைதான் என்னுடைய வாதமும். கப்பல் எப்படித் திரும்புகிறது என்று ஒரு பட்டியல், துப்பாக்கி எவ்வளவு அடிக்கிறது என்று இன்னொரு பட்டியல் போட்டால் இரண்டுமே பொய். குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் எந்த அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது.

எலைட் டேஞ்சரஸை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிளாஸ்மா ஆக்ஸிலரேட்டர் குண்டு நொடிக்கு 875 மீட்டர் போகும். மல்டி-கேனன் குண்டு 1,600 மீட்டர். லேசர் பட்டனை அழுத்தியதும் பட்டுவிடும். எதிரி 1,500 மீட்டர் தூரத்தில் நமக்குக் குறுக்காக நொடிக்கு 300 மீட்டரில் போகிறான் என்று வையுங்கள். மல்டி-கேனனுக்கு அவன் மூக்குக்கு 280 மீட்டர் முன்னால் குறி வைக்க வேண்டும். பிளாஸ்மாவுக்கு 510 மீட்டர் தாண்டி வைக்க வேண்டும், அந்த ஒன்றே முக்கால் நொடியில் அவன் லேசாகத் திரும்பினாலும் குண்டு வெறும் வெளியில் போகும். இதே கணக்கை 500 மீட்டர் தூரத்தில் போட்டால் பிளாஸ்மாவுக்கு 170 மீட்டர் போதும். அதனால் பிளாஸ்மா வைத்திருப்பவன் கிட்டே போயே ஆக வேண்டும். கிட்டே போனால் எதிரி நம் முன்கண்ணாடியில் படுவேகமாகக் குறுக்கே ஓடுவான், மூக்கு அவனோடு திரும்பியாக வேண்டும். ஆக மெதுவான குண்டு வேண்டுமென்றால் நன்றாகத் திரும்பும் கப்பலும் வேண்டும். லேசர் வைத்தவன் தள்ளி நின்று சோம்பேறித்தனமாகத் திரும்பலாம், தூரம் கூடினால் அடி குறையும் என்பதுதான் அவனுக்கு விலை.

இதில் வல்ச்சர் என்ற கப்பல் என்னுடைய செல்லம். இரண்டே துப்பாக்கி இடம், இரண்டும் பெரியவை, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அவ்வளவு திருப்பம் உள்ள கப்பலில் அவ்வளவு பெரிய துப்பாக்கி வேறெங்கும் இல்லை. குறை, அதன் மின் உலை. இரண்டு பெரிய லேசரும் நல்ல ஷீல்டும் மாட்டினால் மீதிக்குச் சக்தி பற்றாது, எதை அணைக்கலாமென்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃபெர்-டி-லான்ஸுக்கு மிகப் பெரிய இடம் ஒன்று, நடுத்தரம் நான்கு. காசுள்ளவன் கப்பல்.

எலைட்டிலும் வேகத்துக்கும் திருப்பத்துக்கும் தொடர்பு உண்டு. வேகமானியில் நீல நிறப் பகுதி ஒன்று காட்டும், அதற்குள் இருந்தால் நன்றாகத் திரும்பும். ஷீல்டு, எஞ்சின், ஆயுதம் மூன்றுக்கும் பிரித்துக் கொடுக்க மொத்தம் 6 புள்ளி, ஒன்றுக்கு அதிகபட்சம் 4. எஞ்சினுக்குக் கூட்டினால் வேகம் மட்டும் கூடும் என்று நினைப்பார்கள், திருப்பமும் கூடும்.

கேப்டன்கொக்கு:
அந்த ஃப்ளைட் அசிஸ்டை அணைத்துவிட்டுப் பின்னோக்கிப் பறந்துகொண்டே சுடுவதைப் பற்றி நீங்கள் இன்னும் ஆரம்பிக்காதது ஆச்சரியம்.

வால்மீன்:
வந்துகொண்டிருந்தேன். அசிஸ்டை அணைத்தால் கப்பல் போன திசையிலேயே போகும், மூக்கை எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். துரத்துகிறவன் முகத்தைப் பார்த்தபடியே பின்வாங்கிச் சுடலாம். உங்கள் உலகப் போர் விமானத்தில் இது நடக்குமா? விண்வெளியில் காற்று இல்லை, எதற்காக விமானம் மாதிரி திரும்ப வேண்டும்?

கேப்டன்கொக்கு:
அந்தச் சோதனையையும் செய்து பார்த்தாயிற்று. 1993-இல் ஃப்ரான்டியர் வந்தது, எலைட்டின் இரண்டாம் பாகம். சுத்தமான நியூட்டன் இயக்கம். என்ன ஆனது? இரண்டு கப்பலும் பயங்கர வேகத்தில் ஒன்றையொன்று நோக்கி வரும், ஒரு நொடி சுடும், கடந்து போகும். பிறகு இரண்டும் வேகத்தைக் கொன்று திரும்பி வர ஒரு யுகம். கொம்பு மாட்டாத ஜல்லிக்கட்டு. அதனால்தான் உங்கள் எலைட் டேஞ்சரஸிலேயே ஒவ்வொரு கப்பலுக்கும் உச்ச வேகம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். காற்றில்லாத இடத்தில் உச்ச வேகம் எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்.

வால்மீன்:
அந்த எல்லை ஆட்டத்துக்காக வைத்தது, ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. எல்லை வைத்த பிறகும் மூக்கும் பாதையும் தனித்தனி என்பது மிச்சம் இருக்கிறதே, அதுதான் ருசி. டை ஃபைட்டரில் ஒருவன் வாலில் இருந்தால் அவன் வாலில்தான் இருப்பான். இங்கே வால் என்பதே பாதுகாப்பான இடம் கிடையாது.

நிழல்கோள்:
வால் பாதுகாப்பாக இல்லாவிட்டால் துரத்துவதற்கும் அர்த்தமில்லாமல் போகிறது என்பதுதான் கொக்கு சொல்ல வருவது என நினைக்கிறேன். இரண்டும் எனக்குப் பிடிக்கும், ஆனால் வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆட ஃப்ரீஸ்பேஸ்தான்.

எட்டாம்கிரகம்:
யாருமே விங் கமாண்டரைச் சொல்லவில்லை என்பதால் வந்தேன். 1990, ஆரிஜின், கிறிஸ் ராபர்ட்ஸ். வால்மீன் போட்ட கணக்கு அங்கே எளிமையாக இருக்கும். லேசர் வெகு தூரம் போகும், அடி குறைச்சல். நியூட்ரான் துப்பாக்கி கிட்டே மட்டும், அடி பலம். மாஸ் டிரைவர் நடுவில். ஹார்னெட் என்ற சின்னக் கப்பலுக்கு இரண்டு லேசர் மட்டும், எனவே வேகத்தால் பிழைக்க வேண்டும். சிமிட்டார் என்ற கப்பலுக்கு மாஸ் டிரைவர், திருப்பமோ மோசம். கனத்த கப்பலாவது அடிக்கும், லேசான கப்பலாவது ஓடும், இது இரண்டிலும் சேராது. கடைசியில் தரும் ரேப்பியரில் லேசரும் நியூட்ரானும் சேர்ந்திருக்கும், திருப்பமும் உண்டு. அதில் தூரத்தில் லேசரால் தொட்டுவிட்டுக் கிட்டே போனதும் எல்லாவற்றையும் சேர்த்துச் சுடலாம்.

எதிரிகளிலும் இதே புத்தி இருக்கிறது. ஜால்தி என்று ஒரு கில்ராத்திக் (அந்த ஆட்டத்தின் எதிரி இனம்) கப்பல், முன்னால் ஆறு துப்பாக்கி, ஆனால் திரும்பத் தெரியாது. அதன் மூக்குக்கு முன்னால் நின்றால் சாம்பல், பக்கவாட்டில் வந்தால் இரை. ஒரு கப்பலை இப்படி இரண்டே வரியில் புரியவைத்த ஆட்டம் அது.

அப்புறம் 2003-இல் வந்த ஃப்ரீலான்ஸர். மவுஸில் ஓட்டுவது. அம்புக்குறி எங்கே இருக்கிறதோ துப்பாக்கி அங்கே சுடும், கப்பல் அதன் பின்னால் மெதுவாகத் திரும்பும். அங்கே "நன்றாகத் திரும்பும் கப்பல்" என்பதன் மதிப்பே குறைந்துவிட்டது, ஏனென்றால் மூக்கு நேராக வரும்வரை காத்திருக்க வேண்டாம். டைட்டன் மாதிரி கனத்த கப்பலை எடுத்துத் துப்பாக்கியாக அடுக்கினால் போதும். நல்ல ஆட்டம்தான், ஆனால் ஓட்டுகிற சுகம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

வால்மீன்:
எலைட்டில் கிம்பல் துப்பாக்கியும் அதே மாதிரிதான். தானாகக் கொஞ்சம் திரும்பிக் குறி வைக்கும், பதிலுக்கு அடி குறையும். எதிரி சாஃப் (குறியைக் குழப்பும் துகள்) விட்டால் பைத்தியம் பிடித்த மாதிரி எல்லாப் பக்கமும் சுடும். நிலையான துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை, மூக்குதான் துப்பாக்கி. துருவன், நீங்கள் எலைட்டில் இறங்கினால் முதலில் கிம்பல் மல்டி-கேனனில் ஆரம்பியுங்கள், கை பழகியதும் நிலையானதுக்கு மாறுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன்: லேசர் ஷீல்டுக்கு நல்லது, உலோகத்துக்கு அவ்வளவு இல்லை. மல்டி-கேனன் நேர் எதிர். ஈகிள் என்ற கப்பலில் மூன்று சின்னத் துப்பாக்கி இடம் இருக்கிறது, ஒரு லேசர், இரண்டு மல்டி-கேனன் என்று பிரித்துப் பாருங்கள். செலவு கம்மி, திருப்பம் பிரமாதம், ஷீல்டு மட்டும் அப்பளம்.

துருவன்:
நிறைய விஷயம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. டை ஃபைட்டரையும் ஃப்ரீஸ்பேஸ் 2-வையும் வாங்கிவிட்டேன். எலைட் பிறகு. இரண்டு சந்தேகம். தனி த்ராட்டில் இல்லாமல் அந்த மூன்றில் ஒரு பங்கை எப்படி வைப்பது? ஃப்ரீஸ்பேஸில் ஒன்றும் செய்யாமல் அப்படியே ஆடலாமா?

கேப்டன்கொக்கு:
த்ராட்டில் தேவையே இல்லை. கீபோர்டில் சதுர அடைப்புக்குறி இரண்டு இருக்கிறதல்லவா, இடதுபக்கம் உள்ளது மூன்றில் ஒரு பங்கு, வலதுபக்கம் உள்ளது மூன்றில் இரண்டு. பேக்ஸ்பேஸ் முழு வேகம். என்டர் தட்டினால் குறி வைத்திருக்கும் கப்பலின் வேகத்துக்கு நம் வேகம் சரியாகிவிடும். வாலைப் பிடித்தபின் என்டர், அவ்வளவுதான். சரியான குறியில் இருந்தால் குறுக்குக்கோடு பச்சையாகும், அப்போது மட்டும் சுடுங்கள். லேசர் மிச்சமாகும்.

படம் ரொம்பப் பழசாகத் தெரிகிறது என்றால், எக்ஸ்-விங் அலையன்ஸ் எஞ்சினில் ரசிகர்கள் டை ஃபைட்டர் முழுவதையும் புதிதாகச் செய்திருக்கிறார்கள். அதற்கு அலையன்ஸ் ஆட்டமும் உங்களிடம் இருக்க வேண்டும். முதல் தடவை பழையதிலேயே ஆடுங்கள் என்பேன், ஆனால் கட்டாயமில்லை.

நிழல்கோள்:
ஃப்ரீஸ்பேஸை அப்படியே ஆடாதீர்கள். 2002-இல் வொலிஷன் அதன் மூல நிரலை வெளியிட்டது, அதிலிருந்து ரசிகர்கள் ஃப்ரீஸ்பேஸ் ஓபன் என்று வளர்த்திருக்கிறார்கள். நொசோஸ் என்ற நிறுவி அதை உங்கள் கோப்புகளோடு சேர்த்துக் கொடுத்துவிடும். கதையும் மிஷன்களும் மாறாது, படம் மட்டும் இந்தக் காலத்துக்கு வந்துவிடும்.

துருவன்:
போட்டாயிற்று. சில மிஷன் போனேன். ட்ரெபுஷே என்கிற மிசைல் வெகு தூரத்திலேயே லாக் ஆகிறது, ஆசையாக நிறைய ஏற்றிக்கொண்டேன். ஆனால் ஃபைட்டர் மேல் விட்டால் பாதி தப்பிப் போகிறது. என்ன காரணம்?

நிழல்கோள்:
அது பாம்பருக்கும் (குண்டு போடும் கனத்த கப்பல்) டரட்டுக்கும் உண்டானது. மிக வேகமாகப் போகும், அதனாலேயே திரும்பாது. ஃபைட்டர் கொஞ்சம் வெட்டினால் நேராகப் போய்விடும். ஃபைட்டருக்கு ஹார்ப்பூன் எடுங்கள், லாக் ஆக அருகில் போக வேண்டும், ஆனால் விடாமல் துரத்தும். பெர்சியஸில் ஒரு பக்கம் ஹார்ப்பூன், இன்னொரு பக்கம் ட்ரெபுஷே. பாம்பர்கள் வரும் மிஷனில் அவை தூரத்தில் தெரிந்ததுமே ட்ரெபுஷேயை விட்டுவிடுங்கள். அவை திரும்பித் தப்பிக்கிற ரகம் கிடையாது, நம் பெரிய கப்பல் மேல் குண்டு போடும் தூரத்துக்கு வருவதற்குள் பாதி குறைந்திருக்கும். மிச்சத்துக்குத் துப்பாக்கி.